திரையேறிய தமிழ் (17): விண்டோஸ் 98 வாசகருக்காக ஓர் எழுத்துரு

சென்ற இதழில் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டோடு நிறுத்தியிருந்தேன். கூட்டம் கலைந்தபோது தமிழ்99 விசைப்பலகையும், தாம், தாப் என்ற இரண்டு குறிமுறைகளும் கையில் இருந்தன. மடற்குழுக்களில் எழுதியவர்கள் அதற்குள் திஸ்கி குறிமுறைக்குப் பழகிவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ வரை ஈழத்தமிழர்கள் பாமினி எழுத்துருவில் தட்டினார்கள். பத்திரிகைகள் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்துக்கொண்டு, அதை இறக்கிக்கொள்ள முகப்பிலேயே ஒரு சுட்டியும் கொடுத்திருந்தன. யுனிகோடு இவர்களுக்கெல்லாம் முன்பே, 1991-இல் வந்த தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கி வைத்துவிட்டது. குடிவர ஆளில்லை.

ஆள் வந்தது 2003-இல். மாலனின் ‘திசைகள்’ மின்னிதழ் யுனிகோடில் வந்தது. முதல் தமிழ் வலைப்பதிவுகள் அந்த ஆண்டில்தான் முளைத்தன. செப்டம்பர் 30-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. யுனிகோடில் எழுதுவது என்று முடிவு செய்த ஒவ்வொருவரும் அதோடு சேர்த்து இன்னொரு முடிவையும் எடுத்தாக வேண்டியிருந்தது. தன் பக்கத்தைப் படிக்க முடியாத கணினி வைத்திருக்கிறவரை என்ன செய்வது?

இந்த இடத்தில் கொஞ்சம் யந்திரக் கதை வேண்டும். திஸ்கி, பாமினி போன்றவை எழுத்துருவைக் கொண்டு செய்த வேலை. ‘பெ’ என்று தெரிய வேண்டுமானால் முதலில் கொம்பு, அடுத்து ‘ப’ என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பார்கள். கணினிக்குத் தமிழ் தெரியவேண்டிய அவசியமே இல்லை. எழுத்துருவை நிறுவி, நெட்ஸ்கேப்பிலோ எக்ஸ்புளோரரிலோ குறிமுறையை ‘யூசர் டிபைன்டு’ என்று மாற்றினால் விண்டோஸ் 95-இலும் தமிழ் ஓடும். யுனிகோடு அப்படியில்லை. அதில் ‘ப’ முதலில், கொம்பு பிறகு. கொம்பைத் தூக்கி எழுத்துக்கு முன்னால் வைப்பது இயங்குதளத்தின் பொறுப்பு. அந்த வேலையைச் செய்யும் நிரல் இல்லாத கணினியில் கொம்பு பின்னால் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகும். எழுத்துருவும் இல்லையென்றால் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ் வலைப்பதிவர்கள் மறுமொழிகளில் அந்நாளில் அதிகம் வாங்கிய புகார் இதுதான்: “உங்க பக்கம் கட்டம் கட்டமாத் தெரியுதுங்க.”

விண்டோஸ் 2000 தமிழை அறிந்திருந்தது, லதா எழுத்துருவும் அதில் இருந்தது. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியிலும் எல்லாம் இருந்தன, ஆனால் தூங்கிக்கொண்டு இருந்தன. கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் அடித்து, எக்ஸ்பி சிடியைப் போட வேண்டும். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டுப் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்கார்ந்த பையனிடம் சிடி ஏது? நல்லூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து ப்ளஸ் டூ முடிவு பார்க்கப் பஸ் ஏறி வந்தவனுக்குக் கணினியில் எதையும் நிறுவும் உரிமை கிடையாது. கேட்டால் கடைக்காரர் “வைரஸ் ஏத்திடுவே, தொடாத” என்பார். கடைக்காரரிடமும் அசல் சிடி இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. அவன் பார்க்க வந்த தேர்வு முடிவுப் பக்கம் மட்டும் எந்தக் கிழட்டு உலாவியிலும் திறந்தது. பதிவெண்ணுக்கு ஒரு பெட்டி, ஒரு பொத்தான், ஆங்கிலத்தில் ஒரு மதிப்பெண் அட்டவணை. அவ்வளவு எளிமையாகப் பக்கம் செய்தவர்களை யாரும் பாராட்டியதில்லை.

அதே காலத்தில் மேற்கே இந்தக் கேள்வி வேறு திசையில் சூடுபிடித்திருந்தது. வலைத் தரநிலைகளுக்காக 1998-இல் அமைந்த வடிவமைப்பாளர் குழு ஒன்று, 2001 பிப்ரவரியில் உலாவியை மேம்படுத்தச் சொல்லி ஓர் இயக்கத்தையே நடத்தியது. அதன் முன்னணியில் இருந்த ஜெஃப்ரி செல்ட்மன், மட்டமான உலாவிகள் நரகத்துக்குப் போகட்டும் என்கிற தொனியில் கட்டுரை எழுதி, தன் இதழைப் பழைய உலாவிகளில் அழகு எதுவுமின்றி வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றியமைத்தார். அவர்கள் அன்று கைகழுவ விரும்பியது முக்கியமாக நெட்ஸ்கேப் 4-ஐ. சில ஆண்டுகளில் வசை முழுவதும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இன் தலையில் விழுந்தது. 2001 ஆகஸ்டில் வந்த அந்த உலாவிக்கு அடுத்த பதிப்பு வர ஐந்தாண்டு ஆனது. போட்டியாளரை வென்றாகிவிட்டது, இனி எதற்கு மெனக்கெடுவது என்று மைக்ரோசாஃப்ட் இருந்துவிட்டது.

ஆங்கில வலை வடிவமைப்பாளர்களுக்கு எக்ஸ்புளோரர் ஒரு பீடை. தமிழருக்கு அப்படியில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்த சங்கதி. நம் எழுத்தை ஒழுங்காகக் காட்டியது அந்த நாளில் அந்த ஒன்றுதான்.

1997-இல் இரண்டு பெரிய உலாவிகளும், பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தன. இயங்கு எழுத்துரு, பேச்சுவழக்கில் டைனமிக் பான்ட். நெட்ஸ்கேப் 4 பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டது; எக்ஸ்புளோரர் 4 தனக்கென ஈ.ஓ.டி. என்ற வடிவத்தை வைத்துக்கொண்டது. வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். பக்கம் திறக்கும், பின்னாலேயே எழுத்துரு இறங்கும், அந்தத் தளத்துக்கு மட்டும் பயன்பட்டுப் போய்விடும். பிரவுசிங் சென்டர் வாசகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆங்கிலேயனுக்கு இது ஓர் அலங்காரம். தமிழ் இதழ்களும் நாளேடுகளும் இதைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறின. 2000 நவம்பரில் நெட்ஸ்கேப் 6 வந்தபோது பிட்ஸ்ட்ரீம் வடிவத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. வடிவமைப்பாளர் உலாவியைக் கைவிடுவது பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், உலாவி வடிவமைப்பாளரைக் கைவிட்டதும் நடந்திருக்கிறது. மிஞ்சியது ஈ.ஓ.டி.

அதைக் கையில் எடுத்தவர் உமர் தம்பி. தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் நெடுநாள் வேலை பார்த்தவர். கணினித் துறையில் பெரிய பதவி எதுவும் வகித்தவரில்லை. அவர் உருவாக்கிய ‘தேனீ’ யுனிகோடு எழுத்துருவை ஈ.ஓ.டி. வடிவிலும் தந்தார். விண்டோஸ் 98-இல் எக்ஸ்புளோரரின் பின்வந்த பதிப்புகளை ஏற்றும்போது, எழுத்துகளைக் கோத்துக் காட்டும் யூனிஸ்கிரைப் கோப்பும் கூடவே உள்ளே வந்துவிடும். குறைவது தமிழ் எழுத்துரு ஒன்றே. தேனீ அந்தக் குறையை இணையம் வழியாகவே தீர்த்தது. வலைப்பதிவர் தன் அடைப்பலகையில் (டெம்ப்ளேட்) நாலைந்து வரி ஒட்டினால், விண்டோஸ் 98-இல் இருக்கும் வாசகருக்கும் கட்டம் மறைந்து தமிழ் வரும். அந்த வரிகள் ஒருவர் பதிவிலிருந்து இன்னொருவர் பதிவுக்குக் காப்பி ஆகிக்கொண்டே போயின. காசு வாங்கவில்லை, உரிமமும் பேசவில்லை.

ஈ.ஓ.டி.யில் ஒரு பூட்டு உண்டு. எந்தெந்தத் தளங்களில் அது வேலை செய்யலாம் என்று கோப்புக்குள்ளேயே முகவரியைப் பொதிந்து வைப்பார்கள்; எழுத்துருத் திருட்டைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் வைத்த பூட்டு. பெயர்ப்பலகை மாறினால் எழுத்துரு இறங்காது. ஆகவே தேனீயைப் பயன்படுத்துவது வெறும் காப்பி வேலையாக இருக்கவில்லை. எங்கே கோப்பை வைப்பது, எந்த முகவரிக்குக் கட்டுவது என்று விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. மடற்குழுக்களிலும் மறுமொழிப் பெட்டிகளிலும் அந்த ஆளாகவும் உமர் தம்பியே இருந்தார்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர் பழைய வீடுகளுக்காக வெள்ளைப் பியூஸ் கட்டை வார்க்கிறார் என்றால், ஒவ்வொரு கட்டைக்கும் அவருக்குக் காசு வருகிறது, எம்.சி.பி. வந்த பிறகும் அந்தச் சுவர்ப்பலகைகள் இருக்கும்வரை வார்ப்பதில் அவருக்கு நட்டமில்லை. பழைய உலாவிக்காக மெனக்கெடும் வடிவமைப்பாளருக்கு அந்தக் கணக்கு உதவாது. யாருக்காக உழைக்கிறாரோ அவருக்கு உழைப்பு நடந்ததே தெரியாது. பக்கம் திறந்தது, படித்தார், போனார். திறக்காதவர்தான் எழுதுவார். நிறுவனங்கள் பழைய உலாவிகளை விட்டுவிடத் துடித்ததற்கும், உமர் தம்பி போன்ற ஒருவர் சம்பளமில்லாமல் அதைத் தாங்கிப் பிடித்ததற்கும் இடையே உள்ள தூரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. உலகம் கொண்டாடியது. தமிழ் வலைப்பதிவர்களில் தொழில்நுட்பப் பித்துள்ளவர்களும் கொண்டாடினார்கள், தங்கள் பதிவைத் திறந்து பார்க்கும்வரை. பத்தியின் இருபக்க ஓரமும் நேராக இருக்கட்டும் என்று ‘ஜஸ்டிஃபை’ கொடுத்திருந்தால், விண்டோஸில் ஃபயர்பாக்ஸ் தமிழைச் சிதைத்துவிட்டது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி நடுவில் ஒரு வட்டத்தின் மேல். எக்ஸ்புளோரரில் அதே பத்தி ஒழுங்காகத் தெரியும். ஈ.ஓ.டி.யும் ஃபயர்பாக்ஸுக்குத் தெரியாது. நல்ல உலாவி என்று உலகம் சொன்னது தமிழுக்கு மோசமாகவும், மோசம் என்று சொன்னது நல்லதாகவும் இருந்த காலம் ஏறக்குறைய நான்காண்டு நீடித்தது. எழுத்தை வரைந்து காட்டும் முறையை அடியோடு மாற்றிய ஃபயர்பாக்ஸ் 3, 2008 ஜூனில்தான் வந்தது. அதுவரை வடிவமைப்பாளருக்கு இருந்த ஒரே வழி, பத்தியை இடப்பக்கம் மட்டும் நேராக்கி விட்டுவிடுவது. இன்றைக்கும் பழைய பதிவர்கள் பலர் தமிழுக்கு ‘ஜஸ்டிஃபை’ கொடுக்கத் தயங்குவதைப் பார்க்கலாம். காரணம் மறந்துவிட்டது, தயக்கம் நிற்கிறது.

‘எக்ஸ்புளோரரில் மட்டும் நன்றாகத் தெரியும்’ என்று தமிழ்த் தளங்கள் அடியில் போட்டுக்கொண்டதைச் சோம்பேறித்தனம் என்று அன்றைக்கு ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வந்தவர்கள் திட்டினார்கள். பாதி நியாயம். தனி மனிதர் நடத்திய வலைப்பதிவுக்கு அந்தத் திட்டு பொருந்தாது. விளம்பரமும் ஆள்பலமும் இருந்த பெரிய இதழ்களுக்குப் பொருந்தும். அவர்கள் வாசகரைக் காரணம் காட்டித் தங்கள் சொந்த எழுத்துருவையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். யுனிகோடுக்கு மாறினால் விண்டோஸ் 98 வாசகர் போய்விடுவார் என்பது வாதம். தேனீ இருக்கும்போது அந்த வாதம் எடுபடாது. உண்மையில் அவர்கள் மாற்றத் தயங்கியது அச்சுக்கூடத்திலிருந்து இணையம் வரை ஒரே எழுத்துருவில் ஓடிய வேலைமுறையை என்றே நினைக்கிறேன்.

அதற்குக் கொடுத்த விலை பெரியது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். கணினிக்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதைத் தேடுபொறி எப்படிக் கண்டுபிடிக்கும்? 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, யாரோ ஒரு தனியாள் நள்ளிரவில் எழுதிய பதிவை மறுநாள் நூறு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூகுளில் தமிழில் தேடினால் அந்தப் பதிவு கிடைத்தது. பெரிய இதழின் அட்டைப்படக் கட்டுரை கிடைக்கவில்லை. பழைய கணினி வாசகரைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, தேடி வரக்கூடிய புதிய வாசகர் அத்தனை பேரையும் அவர்கள் வாசலில் நிற்க வைத்தார்கள். சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகள் இல்லாவிட்டால் அந்தக் காலத்துத் தளங்களில் எழுதப்பட்டவை இன்னும் அதிகம் தொலைந்திருக்கும்.

தேனீயை எப்போது நிறுத்தினார்கள்? யாரும் நிறுத்தவில்லை. 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 98-க்கான ஆதரவை முடித்துக்கொண்டது. அதே மாதத்தில் உமர் தம்பி காலமானார், வயது 53. 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த விஸ்டாவில் தமிழ் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. டிக்கும் வேண்டாம், சிடியும் வேண்டாம். வலைப்பதிவர்கள் அடைப்பலகையை மாற்றியபோது அந்த நாலைந்து வரிகளும் கூடவே போயின. மாற்றாதவர்களின் பதிவுகளில் அவை கிடந்தன. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அரங்கு ஒன்றுக்கு உமர் தம்பியின் பெயரை வைத்தார்கள். அதே மாநாட்டையொட்டித்தான் தமிழக அரசு யுனிகோடைத் தன் தரமாக ஏற்று, டேஸ்16-ஐ மாற்றுக் குறிமுறையாக வைத்து ஆணை பிறப்பித்தது. வலைப்பதிவர்கள் முடிவெடுத்து ஏழு ஆண்டு கழிந்திருந்தது. ஆணை வந்த பிறகும் அரசு அலுவலகங்களில் ‘வானவில்’ எழுத்துரு நெடுநாள் ஓடியது தனிக் கதை.

எக்ஸ்புளோரர் 6-இன் கடைசி நாட்களுக்கு வருவோம். 2009 கோடையில் யூடியூப் பக்கத்தின் மேலே திடீரென ஒரு பட்டை தோன்றியது: உங்கள் உலாவிக்கான ஆதரவை விரைவில் நிறுத்தப் போகிறோம். மேலதிகாரிகளைக் கேட்காமல் சில இளம் பொறியாளர்கள் போட்ட பட்டை அது என்பதை, அவர்களில் ஒருவர் பத்தாண்டு கழித்து எழுதிய பிறகுதான் உலகம் அறிந்தது. அவர் கணக்குப்படி அப்போது யூடியூபுக்கு வந்தவர்களில் சுமார் 18 விழுக்காட்டினர் எக்ஸ்புளோரர் 6 வைத்திருந்தார்கள். ஒரே மாதத்தில் அது பாதியாகிவிட்டது. தேதி எதுவும் குறிக்காத ஒரு மிரட்டல் செய்த வேலை! 2010 மார்ச்சில் யூடியூப் நிஜமாகவே கைகழுவியது. அதற்குச் சற்று முன் கூகுள் மீது நடந்த ஊடுருவல் தாக்குதல் எக்ஸ்புளோரரின் ஓட்டை வழியாக வந்ததும் ஒரு காரணம். பிரிட்டிஷ் அரசோ அதே ஆண்டு, அலுவலகங்களிலிருந்து எக்ஸ்புளோரர் 6-ஐ அகற்றக் கோரிய மனுவை, செலவு அதிகம் என்று சொல்லித் தள்ளிவிட்டது. 2011 மார்ச்சில் உலாவியைப் பெற்ற மைக்ரோசாஃப்டே அதன் சாவுக்கு நாள் எண்ண ஒரு தளம் திறந்தது. அன்றைய கணக்கில் உலகில் 12 விழுக்காடு, சீனாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மிச்சமிருந்தது.

நம் ஊரில் அந்த நாள் எண்ணலை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதற்குள் படிப்பவர் கையில் நோக்கியா இருந்தது. பிரவுசிங் சென்டரில் தீர்ந்துபோன கட்டம் கட்டமான துன்பம் அந்தச் சின்னத் திரையில் முதலிலிருந்து தொடங்கியது. இதற்கு மருந்து ஆபரா மினியில் இருந்தது. முகவரிப் பட்டையில் ‘ஆபரா’, முக்காற்புள்ளி, ‘கான்ஃபிக்’ என்று தட்டினால் ஓர் ஒளிந்த பக்கம் திறக்கும். கடைசியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் படவடிவ எழுத்தைப் பயன்படுத்தவா என்று ஒரு கேள்வி. ‘யெஸ்’ கொடுத்தால் எங்கோ உள்ள ஆபராவின் சர்வர் தமிழ்ப் பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படமாக்கி அனுப்பும். கைபேசிக்குத் தமிழ் தெரியாது, படம் தெரியும். இந்த மந்திரம் பஸ்ஸிலும் கல்லூரி விடுதியிலும் வாய்மொழியாகவே பரவியது. ஆண்ட்ராய்டும் முதல் பதிப்புகளில் தமிழுக்குக் கட்டம்தான் காட்டியது, 4.0 வந்த பிறகே நிலைமை மாறியது. ஈ.ஓ.டி. போட்ட பாதையில், பக்கத்தோடு எழுத்துருவை அனுப்பும் வசதியை மற்ற உலாவிகள் 2008-க்கும் 2010-க்கும் இடையில்தான் எட்டிப் பிடித்தன. உமர் தம்பி கையாண்டது தேயப்போகும் பழைய உலாவியின் வித்தை என்று தோன்றியது, மேம்பட்ட வடிவில் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பி முடிவுக்கு வந்தது. தமிழக அரசு அதையொட்டித் துறைகளிடம் பாஸ் லினக்ஸை நிறுவச் சொன்னது. சி-டாக் உருவாக்கிய உள்நாட்டு இயங்குதளம், தமிழும் உண்டு, காசும் இல்லை. அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் தலைமையில் 2007 வாக்கிலேயே சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியிருந்தது. இருந்தும் எக்ஸ்புளோரரை அலுவலகங்களிலிருந்து கிளப்ப முடியவில்லை. இம்முறை காரணம் எழுத்து இல்லை, கையெழுத்து.

ஒப்பந்தப்புள்ளி போடும் கான்டிராக்டருக்கு ஒரு யூ.எஸ்.பி. டோக்கன் கொடுத்திருப்பார்கள். அதிலுள்ள டிஜிட்டல் கையெழுத்தைப் பக்கம் தொட வேண்டுமானால் உலாவிக்குள் ஜாவா ஆப்லெட் ஓட வேண்டும். 2015 செப்டம்பரில் குரோம் அந்தக் கதவை மூடியது; 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும் மூடியது. எஞ்சியது எக்ஸ்புளோரர். தென்கொரியா இதே குழியில் நமக்கு முன்பே விழுந்தது. 1990-களின் இறுதியில் அங்கே சொந்தமாக ஒரு மறைக்குறி முறையை உருவாக்கி, வங்கி முதல் வரி வரை எல்லாவற்றையும் எக்ஸ்புளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸில் கட்டி எழுப்பினார்கள். 2022 ஜூன் 15-இல் எக்ஸ்புளோரர் 11 ஓய்வு பெற்றபோது கியோங்ஜு நகரில் ஒரு பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல் நட்டு, வேறு உலாவிகளை இறக்கிக்கொள்ள நல்ல கருவியாக இருந்தது என்று பொறித்தார்.

கல் நட்டாலும் பிணம் முழுதாக உள்ளே போகவில்லை. எட்ஜ் உலாவிக்குள் ‘ஐ.ஈ. மோடு’ என்றொரு அறையை மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி, குறைந்தது 2029 வரை அதை வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. அதன் பிறகும் சில அலுவலகங்களில் டெண்டர் கடைசி நாளன்று யாராவது ஒருவர் கான்டிராக்டருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருப்பார்: “சார், செட்டிங்ஸ்ல போங்க… டீஃபால்ட் பிரவுசர்… அலோ குடுங்க… இப்ப ரீலோடு பண்ணுங்க.”

(தொடரும்)